பிராட்சர்ச் முதல் சீசன்: கொலையாளியை நாமே பிடிக்க முடியுமா?

கடலோரச் சிற்றூர். பதினொரு வயது டேனி லாட்டிமர் செங்குத்துப் பாறைக்குக் கீழே மணலில் பிணமாகக் கிடக்கிறான். மேலிருந்து விழுந்த மாதிரி கிடத்தியிருக்கிறார்கள். ஆனால் கழுத்து நெரிக்கப்பட்டிருக்கிறது. 2013இல் பிரிட்டனின் ஐடிவி சேனலில் எட்டு எபிசோடுகளாக வந்த தொடர் இது. எழுதியவர் கிறிஸ் சிப்னல். நடிப்பைப் புகழ ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது ஒன்றைத்தான்: பார்வையாளர் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிறார்களா, இல்லை கடைசியில் யாரையோ கொண்டுவந்து நிறுத்துகிறார்களா?

முக்கால்வாசி நேர்மை என்று சொல்லலாம்.

முதல் எபிசோடில் டேனியின் அப்பா மார்க் கடைத்தெருவில் நடந்து போகும் காட்சியை இரண்டு முறை பாருங்கள். கேமரா வெட்டே இல்லாமல் கூடவே போகிறது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எதிரே வந்து வணக்கம் சொல்கிறார்கள். பின்னால் நாம் சந்தேகப்படப்போகும் முகங்கள் பலவற்றை அங்கேயே காட்டிவிடுகிறார்கள்.

துப்புகள் ஏராளம். காணாமல் போன ஸ்கேட்போர்டு, டேனியின் அறையில் ஒளித்து வைத்த 500 பவுண்டு, கிடைக்காத மொபைல், உடலுக்கு அருகே சிகரெட் துண்டுகள், சுத்தமாகத் துடைத்த பாறை உச்சிக் குடிசை, எரிந்த படகு. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோர்க்கப் பார்ப்பவர்கள்தான் முதலில் தோற்கிறார்கள். இவற்றில் பாதி, கொலைக்குச் சம்பந்தமில்லாத வேறு ரகசியங்களின் வால். அன்றிரவு எங்கே இருந்தேன் என்று மார்க் மழுப்புகிறார் என்றால், அந்தப் பொய் எதை மறைக்கிறது என்று கேளுங்கள்: கொலையையா, மானத்தையா? இந்த ஊரில் பெரும்பாலும் மானத்தைத்தான்.

இன்னொரு கணக்கு: ஒன்றிரண்டு எபிசோடுக்கு ஒருவர் என்று சந்தேகம் சுழல்கிறது. மார்க், பிறகு பேப்பர் கடைக்காரர் ஜாக் மார்ஷல், அப்புறம் மார்க்கோடு வேலை செய்யும் நைஜல், பாதிரியார் பால். போலீஸ் அழுத்தி விசாரிக்கும் ஆளைப் பட்டியலிலிருந்து தைரியமாக அடித்துவிடலாம். முகபாவத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வித்தை மட்டும் இங்கே செல்லாது. படப்பிடிப்பின் பெரும்பகுதியில் நடிகர்கள் பெரும்பாலோருக்கே கொலையாளி யார் என்று தெரியாது.

2015இல் வந்த இரண்டாம் சீசனின் கதைச்சுருக்கத்தைக்கூடப் படிக்காதீர்கள். அது முதல் சீசன் வழக்கின் நீதிமன்ற விசாரணை, முதல் வரியிலேயே பெயர் வந்துவிடும். 2014இல் அமெரிக்காவில் 'கிரேஸ்பாயின்ட்' என்று மறுபடி எடுத்தார்கள், இதில் விசாரணையை நடத்தும் அதிகாரி ஹார்டியாக நடித்த அதே டேவிட் டெனன்டை வைத்து. அதில் முடிவை மாற்றிவிட்டார்கள். ஆகவே அதைப் பார்த்தவரும் இதை ஊகிக்கலாம்.

இனி முழுக்கப் பார்த்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜோ மில்லர், விசாரணை அதிகாரி எல்லியின் கணவர். முதல் எபிசோடிலிருந்தே கண்முன் இருக்கிறார். வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள், அதனால் நம் கண்ணில் மேசை நாற்காலி போல ஆகிவிடுகிறார். மகன் டாம் டேனியின் நண்பன். போனிலிருந்த செய்திகளை அழிக்கிறான். அந்த 500 பவுண்டும் இந்த வீட்டிலிருந்து போனதுதான். சந்தேகப்பட வேண்டிய வீடு இது என்பதற்கு இவ்வளவு போதும். கேரவன் வண்டியில் வசிக்கும் சூசன் அன்றிரவு கடற்கரையில் பார்த்த ஆளை நைஜல் என்று நினைத்ததும் ஏமாற்று வேலை இல்லை: ஜோவுக்கும் நைஜலுக்கும் முடியில்லாத தலை, இருட்டில் ஒரே உருவம்.

சறுக்கியது கடைசி அடியில். ஹார்டி அந்த வீட்டை நெருங்கிவிட்டார் என்பது உண்மை. ஆனால் ஆளைக் கையில் கொடுப்பது துப்பறிதல் அல்ல, டேனியின் மொபைல் சிக்னல். அதை ஆன் செய்தது ஜோவே. ஒளிந்து ஒளிந்து சலித்துப்போனவர். ஹார்டி சிக்னலைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக் கொட்டகைக்குப் போய் நிற்கிறார், அவ்வளவுதான். ஏழு எபிசோடு கணக்குப் போட்டவருக்கு விடைத்தாளைப் பிடுங்கி விடையை வேறொருவர் எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கும். அந்தப் போன் ஆஃப் ஆகவே இருந்திருந்தால் வழக்கு எப்படி முடிந்திருக்கும் என்பதற்குத் தொடரில் பதில் இல்லை.