செஸ்னா 172 சிமுலேட்டர்: எரிபொருள் கணக்குப் பழக உதவுகிறதா?

தண்டையார்பேட்டை வீட்டு மேசையில் செஸ்னா 172 என்ற நாலு இருக்கைச் சிறு விமானத்தை ஓட்டத் தொடங்கிச் சில வருஷம் ஆகிறது. சிமுலேட்டர்தான். காட்சி அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எரிபொருள் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நிஜ வானிலையைப் போட்டு ஓட்டினால் கண்டிப்பாக உதவும். மீனம்பாக்கத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 160 கடல் மைல். காற்றில்லாத நாளில் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் போய்வர 2 மணி 40 நிமிடம். ஆடி மாதம் மேலே தென்மேற்குக் காற்று சில நாள் 40 நாட் கூட அடிக்கும். அன்றைக்கு எதிர்க்காற்றில் போக 2 மணி, பின்காற்றில் திரும்ப 1 மணி, ஆக மொத்தம் 3 மணி. போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்பவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். அம்மியையே பறக்கவைக்கிற காற்று டேங்க்கை மட்டும் விடுமா? அந்த 20 நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் கூடுதல்.

சரி, முழுசாக நிரப்பிவிட்டால்? 172எஸ் மாடலில் பயன்படுத்தக்கூடிய 200 லிட்டரின் எடையே 144 கிலோ. பெரியவர்கள் நாலு பேர் ஏறினால் எடைக் கணக்கு இடிக்கும். ஒருவரை இறக்கணும், இல்லை பெட்ரோலைக் குறைக்கணும்.

சிமுலேட்டரில் குறை என்றால், என்னிடம் உள்ள மாடலில் எரிபொருள் முள் ரொம்ப யோக்கியம். டேங்க்குக்குள் மிதவை வைத்த நிஜ விமானங்களில் முள் ஆடும். அதனால்தான் விமானிகள் புறப்படும் முன் குச்சி விட்டு அளந்துவிட்டு, அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுகிறார்கள். இங்கே குச்சி கிடையாது. திரையில் முள் இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

கையிருப்பாகப் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடத்துக்கான எரிபொருள் போதும் என்கிறது, கண்ணால் பார்த்து ஓட்டும் பயணத்துக்கான அமெரிக்க விதி. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் எனக்கு மனசு ஒப்பாது.

வேண்டுமென்றே காலியாக்கியும் பார்க்கலாம். எண்ணூருக்கு மேலே 3000 அடியில் எஞ்சின் நின்றால் 8 கிலோமீட்டர் சறுக்கலாம், அவ்வளவுதான். மீனம்பாக்கமோ 30 கிலோமீட்டர். மணலி சுத்திகரிப்பு ஆலை கண்ணெதிரே நிற்க, பெட்ரோல் இல்லாமல் கடற்கரை மணலில் இறங்கணும்!

சிமுலேட்டருக்கு த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வாங்குகிறவர்கள், மிக்ஸ்சருக்கு, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை மாற்றுவதற்கு, தனி நெம்புகோல் உள்ளதாகப் பாருங்கள். விமானக் கையேட்டில் உள்ள செலவுக் கணக்கு, உயரத்தில் மிக்ஸ்சரில் பெட்ரோலைக் குறைத்து ஓட்டுவதற்கானது. முழுசாகத் திறந்தே ஓட்டினால் பெட்ரோல் இதைவிட வேகமாகத் தீரும்.