விகாபாட்ரினா, ஸ்டீராய்டா? பச்சிளம் குழந்தையின் வலிப்பு மருந்தும் கண் பார்வையும்

ஐந்து மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் கவிழ்த்து, இரண்டு கைகளையும் விரித்து, உடம்பைச் சட்டென்று மடக்குகிறது. சில நொடி விட்டு மறுபடியும். இப்படிக் கொத்துக் கொத்தாக வரும். வயிற்றுவலி என்பார்கள், பயந்துகொள்கிறது என்பார்கள். 1841இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் மகனிடம் கண்டு எழுதிய வலிப்பு இது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்து உறுதியானதும் மருத்துவர் பெரும்பாலும் இரண்டு வழிகளைச் சொல்வார். ஒன்று ஹார்மோன் சிகிச்சை, அதாவது வாய்வழி பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, அல்லது உடம்பையே ஸ்டீராய்டு சுரக்க வைக்கும் ஏ.சி.டி.எச். ஊசி. மற்றது விகாபாட்ரின்.

விகாபாட்ரின் கண்ணைப் பாதிக்கலாம் என்று கேட்டதுமே பல பெற்றோருக்கு மனம் உடைந்துபோகிறது. அந்தப் பயம் நியாயமானதுதான். 1989இல் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்த மருந்து இது. பார்வைப் பரப்பு, அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பகுதி, சுருங்குகிறது என்ற செய்தி 1997இல்தான் வெளியானது. நீண்ட நாள் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்காவது விளிம்புப் பார்வை குறையலாம். போன பார்வை திரும்பாது. இதில் கொடுமை என்னவென்றால், நடுப் பார்வை நன்றாகவே இருக்கும். குழந்தை அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கும், எதிரே நீட்டிய கிலுகிலுப்பையைப் பிடிக்கும். பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதனால் 'நன்றாகத்தானே பார்க்கிறது' என்று வீட்டில் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் ஸ்டீராய்டுதானே நல்லது? வலிப்புக்குக் காரணம் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (மூளை முதலிய உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கும் மரபணு நோய்) இல்லை என்றால், பெரும்பாலும் ஆம். அந்த நோய் உள்ளவர்களை விலக்கி, பிரிட்டனில் 107 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. இரண்டு வார முடிவில் வலிப்பு நின்றது ஹார்மோன் சிகிச்சையில் 73 சதவீதம் பேருக்கு, விகாபாட்ரினில் 54 சதவீதம் பேருக்கு. ஆனால் 14 மாத வயதில் பார்த்தபோது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. வலிப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாத குழந்தைகளுக்கு மட்டும் ஹார்மோன் பெற்றவர்களின் வளர்ச்சி மேலாக இருந்தது.

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்றால் கணக்கே மாறும். பிரான்சில் 1997இல் வந்த சிறிய ஆய்வில் விகாபாட்ரின் பெற்ற 11 பேருக்கும் வலிப்பு நின்றது. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு பெற்ற 11 பேரில் 5 பேருக்குத்தான் நின்றது. இந்தக் குழந்தைகளுக்குக் கண்ணைக் காரணம் காட்டி விகாபாட்ரினைத் தள்ளிப்போடுவது தவறு என்றே நினைக்கிறேன். நிற்காத வலிப்பு மூளை வளர்ச்சியை நாளுக்கு நாள் பின்னுக்கு இழுக்கும்.

ஸ்டீராய்டும் இலவசமாக வருவதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை ஏறும், முகம் உப்பும், குழந்தை ஓயாமல் அழும். தொற்று எளிதில் பற்றும். நம் ஊரில் காசநோய்த் தொடர்பு உண்டா என்று முதலிலேயே பார்த்தாக வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை மருந்தைக் குறைக்கும்போது தணிந்துவிடும். விகாபாட்ரின் கண்ணில் செய்வது தணியாது. எனக்கு இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

ஆனால் அந்த ஆபத்து நாள் கூடக் கூடத்தான் ஏறுகிறது. அதனால் இரண்டு கேள்விகளை மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள். பலன் இருக்கிறதா என்று எப்போது பார்ப்பீர்கள்? குழந்தைகளிடம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துவதுதான் முறை. பலன் இருந்தால் எத்தனை மாதம்? பல இடங்களில் ஆறு மாதத்தோடு நிறுத்தப் பார்க்கிறார்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு திரும்பும்.

சரி, கண்ணை எப்படிக் கண்காணிப்பது? பெரியவர்களுக்குப் பார்வைப் பரப்புச் சோதனை போதும். விளக்கு தெரியும்போது பொத்தானை அழுத்த வேண்டும், கைக்குழந்தையால் அது ஆகாது. இ.ஆர்.ஜி. என்ற சோதனை விழித்திரையின் மின் சைகையை அளக்கிறது. குழந்தை ஒத்துழைக்கத் தேவையில்லை, ஆனால் பெரும்பாலும் மயக்கம் கொடுக்க வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது. ஓ.சி.டி. என்ற ஸ்கேன் விழித்திரையின் நரம்பிழை அடுக்கின் தடிமனைப் படம் பிடிக்கும், குழந்தை அசையாமல் பார்க்க வேண்டும். எதுவுமே சேதத்தைத் தடுக்காது, வந்த பிறகுதான் காட்டும். அதற்காகத் தவிர்க்கவும் வேண்டாம், மேலும் போகாமல் நிறுத்தும் வாய்ப்பு அதில்தான் இருக்கிறது.

இந்தக் கண் பாதிப்பை டோபிராமேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தினுடையதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பெரும்பாலும் முதல் மாதத்துக்குள் திடீரென்று பார்வை மங்கி, கண் வலித்துச் சிவக்கலாம். உடனே மருத்துவரிடம் போனால் பொதுவாகச் சரியாகிவிடும். விகாபாட்ரினில் வலியும் இல்லை, சிவப்பும் இல்லை.

விகாபாட்ரினின் அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி முதல் கண் சோதனை மருந்து தொடங்கி நான்கு வாரத்துக்குள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிறுத்திய பின் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொன்று. வலிப்பு நின்ற நிம்மதியில் அந்தக் கடைசிச் சோதனை எளிதில் மறந்துபோகும், அந்தத் தேதியையும் முதல் நாளே குழந்தையின் கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள்.