மலேரியா மருந்தின் இலக்கு: மரபணுவை அணைப்பதா, எதிர்ப்பை வளர்ப்பதா?

ஒரு சேர்மம் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறது. எந்தப் புரதத்தைத் தாக்கிக் கொல்கிறது என்று தெரியவில்லை. எங்கள் ஆய்வகத்தில் அப்போது இரண்டு வழிகளை யோசித்தோம். சந்தேகப்படும் மரபணுவை வேண்டிய நேரத்தில் அணைத்துப் பார்ப்பது ஒன்று. மருந்துக்குள்ளேயே ஒட்டுண்ணியை வளர்த்து, தப்பிப் பிழைத்ததில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று அதன் மரபணுத்தொகுதியை முழுக்க வாசிப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் எடுத்தோம்.

அணைக்கும் முறையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2001-இல் பெங்களூர் ஆய்வாளர்கள் டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி ஒட்டுண்ணியைக் கொல்வதைக் காட்டினார்கள். கொழுப்பமிலம் தயாரிக்க உதவும் ஃபேப்-ஐ நொதிதான் இலக்கு என்று கருதப்பட்டது. 2008-இல் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தால், ரத்தத்தில் ஒட்டுண்ணி ஜோராக வளர்ந்தது. இந்த மாதிரி நம்பிக்கையை உடைக்க இதைவிட நேரடியான வழி கிடையாது.

ஆனால் கொடிய மலேரியாவைத் தரும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியில் இதைச் செய்வது பெரும்பாடு. மரபணுத்தொகுதியில் சுமார் 80 சதவீதம், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஏ, டி என்ற இரண்டுதான்; அதனால் அதைக் கையாள்வது கடினம். மரபணுவின் செய்தியை அழித்து அதை அடக்கும் ஆர்என்ஏ குறுக்கீடும் இதில் வேலை செய்யாது. அப்புறம், 2018-இல் வந்த ஆய்வின்படி சுமார் 5,400 மரபணுக்களில் 2,680 ரத்த நிலை வளர்ப்பில் இன்றியமையாதவை. பாதி மரபணுக்கள் இன்றியமையாதவை என்றால், அந்தத் தகுதியை மட்டும் வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொன்று. எதிர்ப்பை வளர்க்கும்போது இலக்கோடு, ஒட்டுண்ணி எவ்வளவு எளிதில் தப்பும் என்பதும் தெரிந்துவிடுகிறது. எத்தனை கோடி ஒட்டுண்ணிகளில் ஒன்று பிழைக்கிறது, பிழைத்தது எத்தனை மடங்கு மருந்தைத் தாங்குகிறது என்பதை வைத்தே, சேர்மத்துக்கு மேலும் பணம் போடலாமா என்று முடிவெடுக்கலாம். ரத்த நிலையில் ஒவ்வொரு மரபணுவும் ஒரே பிரதி என்பதால் பிறழ்வு, அதாவது மரபணுவில் வரும் மாற்றம், மறைந்துகொள்ளவும் முடியாது. 2010-இல் ஸ்பைரோஇண்டோலோன்கள் என்ற சேர்மக் குடும்பத்துக்கு இப்படித்தான் பிஎஃப்ஏடிபி4 என்ற புரதம் இலக்காக அகப்பட்டது. கால்சியம் பம்பு என்று நினைத்திருந்த அது சோடியத்தை வெளியேற்றுவது என்று பிறகு புரிந்தது. அந்தச் சேர்மங்களில் ஒன்றுதான் சிபார்காமின் என்ற மலேரியா மருந்து வேட்பாளர்.

சிக்கலும் உண்டு. பிஎஃப்எம்டிஆர்1, பிஎஃப்கார்ல் போன்ற, பல மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தரும் மரபணுக்களில் பிறழ்வு வந்தால், அது பெரும்பாலும் தப்பிக்கும் வழிதான், இலக்கு அல்ல. பிறழ்வை கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி மூலம் புதிய ஒட்டுண்ணியில் வைத்துப் பார்த்தாலும் எதிர்ப்பு அதனால்தான் என்பது மட்டுமே உறுதியாகும். புரதத்தைத் தனியே பிரித்துச் சோதிக்கும் வேலை பாக்கி இருக்கும். எதிர்ப்பே வராத சேர்மங்களில் இந்த முறை ஒன்றும் சொல்லாது. ஒட்டுண்ணி ரத்தத்துக்கு வருமுன் கல்லீரலில் வளரும் நிலையில் எங்களுக்குப் பழக்கம் குறைவு, அதைப் பற்றித் துணிந்து சொல்ல மாட்டேன்.

கையில் சேர்மம் இல்லாமல் புரதத்தின் பெயரை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்கள் மரபணுவை அணைத்துப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.