டெலி கன்சல்டேஷன் புக்கிங் மென்பொருள்: ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகு

டாக்டரை வீடியோவில் பார்க்க நேரம் பதியும் இந்த மென்பொருளின் சந்தா குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பரின் கிளினிக்கிலிருந்து கேட்கிறார்கள். வீடியோ, ஆன்லைன் கட்டணம், மருந்துச் சீட்டு பிடிஎஃப் எல்லாம் எதிலும் கிடைப்பதுதான். இதில் பிரமாதம், தாமதத்தைச் சமாளிக்கும் விதம். ஒரு நோயாளியிடம் டாக்டர் 12 நிமிடம் கூடுதலாகப் பேசிவிட்டால், அடுத்து இருக்கும் எல்லோருக்கும் புது நேரம் தானாக எஸ்எம்எஸ்ஸில் போய்விடும். ரிசப்ஷனில் ஆள் ஆளுக்குப் போன் போடும் வேலை அடியோடு நின்றது. 15 நிமிட ஸ்லாட் வைத்து, நாலு ஸ்லாட்டுக்கு ஒன்றைக் காலியாக விட்டால் மாலை ஓபி நேரத்துக்கு முடியும்.

கோபமெல்லாம் அந்த எஸ்எம்எஸ் மேல்தான். இங்கே இருக்கும் வயதானவர்களுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் புக் செய்கிறார்கள். அவர்கள் போனில் அந்த நாட்டு நேரம் தெரிவது நியாயம். நோயாளிக்கு வரும் செய்தியிலும் அதே நேரம், எந்த ஊர் நேரம் என்று சொல்லாமலே வருகிறது. துபாயிலிருந்து மகன் காலை 10 மணிக்குப் பதிந்தால், கும்பகோணத்தில் அம்மா 10 மணிக்கே லிங்க்கைத் தொட்டு உட்கார்ந்துவிடுவார். டாக்டர் வருவது 11:30க்கு. சர்க்கரைக்கு மாத்திரை போட்டவர், பலகாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஒன்றரை மணி நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். சிங்கப்பூர் இன்னும் மோசம். அங்கே 10 என்றால் இங்கே 7:30. அம்மா வருவதற்குள் ‘வரவில்லை’ என்று ஸ்லாட் மூடியிருக்கும், கட்டிய பணமும் தானாகத் திரும்பாது. நியூயார்க்கில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றினால், அங்கிருந்து பதிந்த மாதாந்திர அப்பாயின்ட்மென்ட் இங்கே ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும்.

செட்டிங்ஸில் ஆசியா/கொல்கத்தா, அதாவது இந்திய நேரம் என்று வைத்தாலும் டாக்டரின் திரை மட்டுமே மாறுகிறது. எஸ்எம்எஸ் வாசகம் டிஎல்டியில் (நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதிந்து வைக்கும் தளம்) பதிவானது, நாமாகத் தொட முடியாது. ‘இந்திய நேரம்’ சேர்த்து விற்றவர்களே புதிதாகப் பதிய வேண்டும். ஒன்றரை வருடமாகக் கேட்டும் செய்யவில்லை. இப்போதைக்கு ஒரே வழி: +91 அல்லாத எண்களுக்கு ஆன்லைன் புக்கிங்கை அடைத்துவிட்டு, பிள்ளைகளைப் போனில் கூப்பிடச் சொல்லி, கிளினிக் கம்ப்யூட்டரிலேயே பதிவது. நோயாளி மொபைல் என்ற கட்டத்தில் அம்மா எண்ணைத்தான் போட வேண்டும்.

இவ்வளவு கேட்டும் திருத்தாதவர்களிடம், உள்ளூர் நோயாளிகள் மட்டும் என்றால்கூட நான் வாங்கச் சொல்ல மாட்டேன். எங்கள் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை.