டயலில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சரி: பழைய கிட் ரிசீவரை அலைன்மென்ட்டுக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

பழைய வால்வு ரிசீவரை வாங்கி வைத்துக்கொண்டு, "அலைன்மென்ட் செய்து தருகிறேன்" (அதாவது டயல் காட்டும் எண்ணும் கேட்கும் நிலையமும் ஒத்துப்போகும்படி உள்ளே திருகிச் சரிசெய்வது) என்று இணையத்தில் விளம்பரம் போடும் யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்களா? இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 180 டாலரும் நான்கு மாதமும். ஐ.எஃப். கேன் என்ற, காயில் அடங்கிய சின்ன உலோகக் கூட்டுக்குள் ஒரு கோரும் (காயிலை டியூன் செய்யத் திருகும் துண்டு) போனது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

நான் இருப்பது ஒஹையோவில். மே மாதம் ஜீனியாவில் ஹாம்வென்ஷன் என்ற அமெச்சூர் வானொலித் திருவிழா நடக்கும்போது திறந்தவெளிச் சந்தையில் ஒரு ஹீத்கிட் ஏஆர்-3 ரிசீவர் கிடைத்தது. 1950களின் சரக்கு. 550 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை நான்கு பாண்டு. மிச்சிகனின் பென்டன் ஹார்பரிலிருந்து உதிரிபாகங்களாகப் பெட்டியில் வந்ததை யாரோ வீட்டு மேசையில் உட்கார்ந்து பற்றவைத்திருக்கிறார். கையேடும் கூடவே வந்தது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஓர் அடைப்புக்குறி, அதற்குள் பென்சில் டிக். ஒரு படியில் மட்டும் டிக் போட்டு, அழித்து, மறுபடி போட்டிருந்தார். அந்த அழிப்புக்காகவே 60 டாலர் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ரேடியோ பாடியது. டயல்தான் பொய் சொன்னது. 7.2 மெகாஹெர்ட்ஸில் பேசும் ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) முள் 7.05-ஐக் காட்டும்போது கேட்டார்கள். பெரிய கோளாறு இல்லை. இத்தனை வருடத்தில் காயிலும் கண்டென்சரும் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

நானே திருகியிருக்கலாம். சிக்னல் ஜெனரேட்டர் இல்லை. அதைவிட, சின்ன வயதுப் பயம். மதுரையில் எங்கள் தெருவில் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். இலங்கை வானொலி கரகரத்தால் அவரிடம்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். "தம்பி, டிரிம்மர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பென்சில்ல ஒரு கோடு போட்டுக்க. திரும்பி வர வழி வேணும்ல?" என்பார். டிரிம்மர் என்பது அலைவரிசையை நுணுக்கமாகச் சரிசெய்யத் திருகும் சின்னக் கண்டென்சர். அந்த வழி எனக்குத் தெரியாது என்று நினைத்து, தெரிந்தவரிடம் கொடுத்தேன். தெரிந்தவர் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பெயர் போடப்போவதில்லை. இரண்டு மணி நேர ஓட்டத்தில் வீட்டிலேயே பட்டறை வைத்திருப்பவர். "டயல் முழுக்கத் துல்லியம்" என்றார். மூன்று வாரம் என்றது நான்கு மாதம் ஆனது. கடைசியில் ஒரு வீடியோ வந்தது. முள் சரியாக 10 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து வரும் டபிள்யூடபிள்யூவி நிலையத்தின் நேரச் சமிக்ஞை நொடிக்கு நொடி டிக் டிக் என்று கேட்கிறது. எனக்கு வாயெல்லாம் பல். நண்பருக்குப் பணம் அனுப்பும் முறையில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அந்த முறையில் அனுப்பினால் பிறகு புகார் சொல்லித் திரும்ப வாங்க வழியே இல்லை என்பதை அப்புறம்தான் படித்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டேன். 10-ல் டிக் டிக். சரி. 7.2-க்குத் திருப்பினேன். மயான அமைதி. ஆன்டெனா கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன். வானிலை சரியில்லையோ என்று இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு சும்மா திருகிக்கொண்டிருந்தபோது, முள் 6.6 பக்கம் போனதும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இரண்டு பேர் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே திருப்பினால் 7.65 பக்கத்திலும் அதே இரண்டு பேர். முன்பு 150 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருந்தது. இப்போது 600!

காரணம் புரிய ஒரு இரவு ஆனது. சூப்பர்ஹெட் ரிசீவர், வரும் சிக்னலைத் தன் உள்ளேயே ஆசிலேட்டர் உண்டாக்கும் அலையோடு கலந்து, ஐ.எஃப். என்ற ஒரே நிலையான இடைநிலை அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும். அதற்கு ஆசிலேட்டர், நாம் கேட்கும் அலைவரிசையிலிருந்து ஐ.எஃப். அளவுக்குத் தள்ளி ஓட வேண்டும். ஏஆர்-3-க்கு ஐ.எஃப். 455 கிலோஹெர்ட்ஸ், ஆசிலேட்டர் ஓட வேண்டியது மேல்பக்கம். ஆகவே டயல் 10-ல் இருக்கும்போது ஆசிலேட்டர் 10.455-ல் இருக்க வேண்டும். ஆனால் 9.545-ல் இருந்தாலும் வித்தியாசம் அதே 455தான். டபிள்யூடபிள்யூவி அப்போதும் கேட்கும். டிரிம்மரைத் திருகும்போது இரண்டு இடத்தில் டிக் டிக் வரும். ஒன்று சரி, ஒன்று போலி. போலியில் நிறுத்தினால் அந்த ஒரு புள்ளியில் டயல் அரிச்சந்திரன் மாதிரி நிற்கும்; அங்கிருந்து இறங்க இறங்க ஆசிலேட்டர் ஒரு பக்கம், ஆன்டெனா காயில் ஒரு பக்கம். இந்த ரிசீவரில் கன்வர்ட்டருக்கு (இரண்டு அலைகளும் கலக்கும் இடம்) முன்னால், ஆன்டெனா சிக்னலை வடிகட்டிப் பெருக்கும் ஆர்.எஃப். பெருக்கி கிடையாது. போலி சிக்னலைத் தடுத்து நிறுத்த முன்னால் இருப்பது அந்த ஆன்டெனா காயில் மட்டும்தான், அதனால் ஏமாறுவது சுலபம்.

ஊகத்தோடு விடவில்லை. என் கையடக்க டிஜிட்டல் சிற்றலை ரேடியோவை ஏஆர்-3 பக்கத்தில் ஒட்டிவைத்தேன். ஏஆர்-3 முள் 10-ல். சின்ன ரேடியோவில் 10.455 வைத்தால் வெறும் இரைச்சல். 9.545-க்கு வந்ததும் இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஏஆர்-3 குமிழை ஒரு மயிரிழை அசைத்தேன், அமைதியும் கூடவே நகர்ந்தது. கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம், 180 டாலர் ஞாபகம் மறு நிமிடம்.

ஃபோன் செய்தேன். "வீடியோவில் கேட்டதே, பார்த்தீர்களே?" என்றார். 7 மெகாஹெர்ட்ஸைப் பற்றிச் சொன்னேன். "எழுபது வருஷப் பழசு, வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்றார். ஆசிலேட்டர் தப்பான பக்கத்தில் ஓடுகிறது என்றதும் வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

சேஸிஸைக் கவிழ்த்தேன். டிரிம்மர் எல்லாவற்றின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சு. சரிசெய்தபின் அசையாமலிருக்க ஒரு சொட்டு வைப்பது பழைய வழக்கம்தான்; இங்கே சொட்டு இல்லை, அபிஷேகம். மாற்றிவிட்டதாகச் சொன்ன மெழுகுக் காகிதக் கண்டென்சர்களில் இரண்டு அப்படியே குந்தியிருந்தன. ஐ.எஃப். கேன் ஒன்றில் கோரின் அறுகோணத் துளை விண்டு, தூள் வெளியே கொட்டியிருந்தது. இரும்பு ஆலன் சாவியை விட்டுத் திருகியிருக்கிறார். இந்தக் கோர் பிஸ்கட் மாதிரி, அதற்கு பிளாஸ்டிக் கருவிதான். இரும்பு பக்கத்தில் வந்தாலே டியூனிங் நகரும், எடுத்ததும் மாறிப்போகும்.

சனிக்கிழமை நானே உட்கார்ந்தேன். முதல் வேலையாகப் பென்சில் கோடு. ஊசியால் பூச்சைச் சுரண்டினேன். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், ஒரு கை சட்டைப்பையில்தான். அரை மணி நேரம் சூடேற விட்டு, டிரிம்மரைக் கெப்பாசிட்டன்ஸ் குறையும் பக்கம் மெல்லத் திறந்தேன். பழைய டிக் டிக் மறைந்து, கொஞ்ச தூரத்தில் இன்னொன்று எழுந்தது. சின்ன ரேடியோவில் 10.455, அமைதி. அப்புறம் பாண்டின் கீழ்முனைக்கு வந்து காயிலைச் சரிசெய்வது, மறுபடி மேல்முனைக்கு வந்து டிரிம்மர். ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும் என்பதால் நாலு தடவை போய்வர வேண்டியிருந்தது. கடைசியில் 9.09-க்குத் திருப்பிப் பார்த்தேன். டபிள்யூடபிள்யூவி மங்கலாக இன்னொரு முறை கேட்டது. ஆசிலேட்டர் மேல்பக்கம் இருந்தால் போலி அங்கேதான், 910 கிலோஹெர்ட்ஸ் கீழே, விழ வேண்டும். வேலை முடித்துக் கொடுப்பவர் முன்னாலேயே நீங்கள் செய்யக்கூடிய சோதனை இது. போலி 10-க்கு மேலே கேட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். வீடியோ கேட்டால் ஒரு புள்ளிக்குக் கேட்காதீர்கள், ஒவ்வொரு பாண்டிலும் அடி, நடு, மேல் என்று கேளுங்கள்.

இப்போது 7.2 ஆட்கள் டயலில் 7.2-க்கு ஒரு முடி தள்ளி இருக்கிறார்கள். ஆனால் விண்ட கோர் திரும்ப மறுக்கிறது, ஐ.எஃப். உச்சத்துக்கு வரவில்லை, சத்தம் கொஞ்சம் மந்தம். ஐம்பதுகளின் 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். கேன், முக்கால் அங்குலச் சதுரம், யார் வீட்டு டப்பாவிலாவது கிடந்தால் சொல்லுங்கள். தபால் செலவு என்னுடையது.