கோத்தகிரிச் சரிவில் ஒரு ஜெர்சிப் பொலிகாளை: வாங்கியதிலிருந்து கைமாற்றியது வரை

ஒரு பொலிகாளை, அதாவது சினைக்கு விடும் காளை, நல்லதா கெட்டதா என்று அதை வாங்கிய வருடத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதன் மகள்கள் கன்று போட்டு, கறந்து காட்டிய பிறகுதான் சொல்ல முடியும். எங்கள் காளை இப்போது வேறொரு ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) இருக்கிறது. அதன் மகள்கள் எங்கள் தொழுவத்தில் கறவையில் நிற்கின்றன. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்களுடையது எல்லாம் ஜெர்சிக் கலப்பு. கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவே சரிவு நிலம். சினை ஊசி போடுபவர் நல்ல மனிதர், கூப்பிட்டால் வருவார். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து ரோடு மறித்தால் அவர் என்ன செய்வார்? மாட்டுக்குப் பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான் நிற்கும். ராத்திரி கத்த ஆரம்பித்த மாட்டுக்கு மறுநாள் சாயந்திரம் ஊசி போட்டால் சினை நிற்கும் என்று நம்ப முடியாது. அது தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். தீவனம் மட்டும் தினமும் போய்க்கொண்டே இருக்கும். காளை வாங்கிய காரணம் இவ்வளவுதான்.

ஒரு மாடு வருடத்துக்கு ஒரு கன்றுக்குத்தான் பாதி ரத்தம் கொடுக்கிறது. காளை அந்த வருடத்துக் கன்றுகள் அத்தனைக்கும் கொடுக்கிறது. மூன்று தலைமுறை தொடர்ந்து வெளிக்காளைகளையே சேர்த்தால், மூன்றாம் தலைமுறைக் கிடாரியின் (இளம் பெண் மாட்டின்) ரத்தத்தில் எட்டில் ஏழு பங்கு அந்தக் காளைகளுடையது. கொள்ளுப்பாட்டி மாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். நல்ல மாடு வாங்கச் சந்தை சந்தையாக அலைபவர்கள், காளை விஷயத்தில் பக்கத்துத் தோட்டத்தில் சும்மா நிற்பதை ஓட்டிக்கொண்டு வருவது எனக்கு இன்றும் புரியவில்லை.

மலைக்கு ஹோல்ஸ்டீன், சமவெளிக்கு ஜெர்சி என்பதுதான் அரசின் பொதுவான கொள்கை. குளிர் ஹோல்ஸ்டீனுக்கு ஒத்துவரும், சரிதான். ஆனால் எங்கள் நிலம் செங்குத்து. 600 கிலோ உடம்பைச் சுமந்து ஏறி இறங்குவதைவிட 400 கிலோ மாடு மேயட்டும் என்று முடிவு செய்தேன். பிறக்கும்போது ஜெர்சிக் கன்று 25 கிலோ சுமார், ஹோல்ஸ்டீன் 40 கிலோவை நெருங்கும். முதல் கன்று போடும் கிடாரிக்கு இந்த வித்தியாசம் பெரிது. மட்டமான புல்வெளி உள்ளவர்கள் வேறு மாதிரி முடிவு எடுக்கலாம்.

எமரால்டு பக்கம் ஒருவர் காளை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு விடிவதற்குள் போனேன். அவர் நேராகக் காளையிடம் கூட்டிப் போகப் பார்த்தார். "காளையை அப்புறம் பார்க்கிறேன் அண்ணா, முதல்ல தாயைக் கறந்து காட்டுங்க" என்றேன். அவர் தயங்கவில்லை, அதுவே நல்ல அறிகுறி. தாய் நாலாவது ஈத்து. மடி வயிற்றோடு ஒட்டி, பின்னால் உயரத்தில் பிடித்திருந்தது. நாலு காம்பும் ஒரே நீளம், நாலு விரலுக்குள் அடங்கும் காம்பு. கறந்து முடித்ததும் மடி பிழிந்த துணிபோலச் சுருங்கியது. சதை மடி என்றால் கறந்த பிறகும் அதே பருமனில் தொங்கும், அதில் பால் குறைவு. அப்புறம் கன்று போட்ட தேதிகளைக் கேட்டேன். வீட்டு அக்கா காலண்டர்களை எடுத்து வந்து காட்டினார். ஒவ்வொரு கன்றுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு வருடம், அதைவிடச் சற்றுக் கூடுதல். இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவைப்படவில்லை.

ஃபேட், அதாவது பால் கொழுப்பு, விஷயத்தில் பால் சொசைட்டி அட்டையை நம்பி ஒரு தனி மாட்டை மதிப்பிட முடியாது. அது அந்த வீட்டின் மொத்தப் பாலுடைய கணக்கு. தாயின் பாலை மட்டும் தனியாக வாங்கிப் பார்க்கச் சொன்னேன். முழுக்கக் கறந்து கலக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். முதல் பீச்சில் கொழுப்பு குறைவு, கடைசிப் பாலில் அதிகம். காலைப் பாலைவிடச் சாயந்திரப் பாலில் பொதுவாகக் கூடுதலாக இருக்கும் என்பதால் இரண்டு வேளையும் பார்த்தோம். 5 சதவீதத்தை ஒட்டி நின்றது.

அதற்குப் பிறகுதான் காளை. முதலில் ஈரமான இறக்கத்தில் நடத்திக் காட்டச் சொன்னேன். சேற்றில் முன்குளம்பு பதித்த தடத்தின் மேலேயே பின்குளம்பு விழுந்தது. தடம் தடமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். அடி குறுகி, பின்குளம்பு அந்தத் தடத்தை எட்டாமல் பின்தங்கி நின்றுவிட்டால் பின்னங்கால் மூட்டில் ஏதோ இருக்கிறது என்று பொருள். பின்கால் தூண் மாதிரி நேராக நிற்கும் காளையும் வேண்டாம். மாட்டின் மேல் ஏறும்போது முழு எடையும் அந்த மூட்டில்தான் இறங்குகிறது. மூன்று நாலு வருடத்தில் நொண்டும். அந்தக் கோளாறு மகள்களுக்கும் போகும், சரிவில் மேயும் மகள்களுக்கு அது பால் குறைவதைவிட மோசம்.

விதைப்பையின் சுற்றளவை டாக்டர் டேப் வைத்து அளந்தார். 12 முதல் 15 மாத வயதில் 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உறைபனிக் காலையில் பை மேலே சுருங்கிவிடும், அளவு தப்பாக வரும். வெயில் ஏறியதும் அளக்க வேண்டும். இரண்டு விதையும் ஒரே அளவில், கட்டி இல்லாமல், கையில் நழுவ வேண்டும். காளையின் விதை பெரிதாக இருந்தால் அதன் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். ரத்தம் எடுத்து, புருசெல்லா என்கிற கன்று வீச்சு நோய் இல்லை என்று உறுதியான பிறகே முன்பணம் கொடுத்தேன்.

சினைத் திறனை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாட்டினங்களின் வரலாற்றிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில் டார்லிங்டன் பக்கம் காலிங் சகோதரர்கள் ஷார்ட்ஹார்ன் இனத்தை வளர்த்தெடுத்தார்கள். அவர்களில் சார்லஸ் காலிங், ஃபேவரிட் என்ற காளையை அதன் தாயோடு சேர்த்து, அப்படிப் பிறந்த மகளோடும் அதையே சேர்த்தார். அதில் வந்த காமெட் 1810-இல் 1,000 கினிக்கு (அன்றைய ஆங்கிலேயத் தங்க நாணயம்) விலை போனது. 1822-இல் கோட்ஸ் தொகுத்த ஷார்ட்ஹார்ன் வம்சப் பதிவேடு வெளிவந்தது. அதற்கப்புறம் மாட்டைப் பார்க்காமல் வம்சப் பெயரைப் பார்த்தே பணம் கொட்டும் காலம் வந்தது. 1873-இல் அமெரிக்காவில் நியூயார்க் மில்ஸ் ஏலத்தில் ஷார்ட்ஹார்னின் டச்சஸ் வம்சத்துப் பசு ஒன்று 40,600 டாலருக்குப் போனது. அந்த வம்சமோ ஒழுங்காகச் சினை பிடிக்காததற்குப் பெயர் வாங்கியது. பெயரைக் கட்டிக்காத்தவர்கள் கன்று வருகிறதா என்று பார்க்கவில்லை. அதனால்தான் எமரால்டில் அந்தக் காலண்டர்களை நான் அவ்வளவு நேரம் புரட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில மாதம் அடக்கமாகத்தான் பயன்படுத்தினோம். இளங்காளைக்கு ஒரு பருவத்தில் 15, 20 மாடுகளுக்கு மேல் ஆகாது, முற்றிய காளை அதைவிட இரண்டு மடங்கு தாங்கும். ஏற விடும் இடம் மட்டமாக இருக்க வேண்டும் என்று பழைய உருளைக்கிழங்கு வயலின் ஒரு படியை அதற்கென்றே ஒதுக்கினோம். சினை நன்றாகவே நின்றது.

நடுவில் ஒரு முறை மூன்று நாள் காய்ச்சல் வந்து எழுந்தது. மாத்திரையில் சரியாகி நன்றாகத் தின்னவும் ஆரம்பித்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு சேர்த்த மாடுகள் சினை நிற்காமல் ஒவ்வொன்றாகத் திரும்பக் கத்தின. காளைக்கு வீரியம் போய்விட்டது, விற்றுவிடு என்று சொன்னவர்கள் உண்டு. டாக்டர் பொறுக்கச் சொன்னார். ஒரு விந்தணு உருவாகி முடிய 60 நாள் சுமார் ஆகும், காய்ச்சல் சூட்டில் கெட்டவை கழிந்து புதியவை வர அவ்வளவு காலம் வேண்டும் என்றார். அதேபோல இரண்டு மாதம் கழித்து மறுபடி சினை நிற்க ஆரம்பித்தது. காளை வைத்திருப்பவர்கள் காய்ச்சல் வந்த தேதியைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

குணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெர்சிப் பசு சாது, ஜெர்சிக் காளை அப்படியில்லை. மூக்கு வளையம் போட்டிருந்தோம், தனியாக யாரும் அதன் கொட்டிலுக்குள் போகக் கூடாது என்று வைத்திருந்தோம். மூன்று வயதைத் தாண்டியதும் தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திரும்பி நின்று உடம்பைக் காட்டும். அது சண்டைக்கு அழைப்பு. குழந்தைகள் ஓடி விளையாடும் முற்றத்தில் காளையைக் கட்டும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, மகள்கள். கால் அற்புதம். மழையில் எங்கள் மேட்டில் வழுக்கி விழுந்த மாடு என்று அவற்றில் ஒன்றையும் சொல்ல முடியாது. ஃபேட் தாய்களைவிட நன்றாக இருக்கிறது, சொசைட்டியில் விலை கூடக் கிடைக்கிறது. பால் அளவு தாய்கள் அளவுக்குத்தான், கூடவில்லை. குறை ஒன்று: சிலவற்றுக்குக் காம்பு குட்டை. "நாலு விரல் நிக்க மாட்டேங்குதுடா" என்று அம்மா சொல்லிக்கொண்டேதான் கறக்கிறார். காளையின் தாய்க்கு இந்தக் குறை இல்லை, அது என் கண்ணால் பார்த்தது. அப்பன் வழியில் வந்திருக்க வேண்டும். அப்பன் எது என்றால், யாரோ போட்ட ஊசி, எண் எழுதி வைக்கப்படவில்லை.

மகள்கள் பருவத்துக்கு வரும் வயதானதும் காளையைக் கைமாற்றிவிட்டோம். அப்பனையும் மகளையும் சேர்த்தால் பிறக்கும் கன்றின் உள்ரத்தக் கெழு, அதாவது நெருங்கிய உறவுக் கலப்பின் அளவு, 25 சதவீதம். காலிங் மாதிரி கண் பழகியவர்கள் அதைச் செய்து, வேண்டாததைக் கழித்திருக்கலாம். நாலைந்து மாடு வைத்திருக்கும் நமக்கு அது கட்டாது. எதிர்ப்பக்கத்து ஹட்டிக்காரருக்குக் கொடுக்கும் முன்பு மறுபடியும் ரத்தப் பரிசோதனை செய்தே கொடுத்தேன்.

ரோட்டோரம் வீடு உள்ளவர்கள் காளை வைக்காதீர்கள். மகள்களின் கறவையால் திறன் நிரூபித்த காளையின் ஊசி அதைவிட மலிவு, பத்திரமும்கூட. பாலினம் பிரித்த ஊசியில் பத்துக்கு ஒன்பது கிடாரி வரும். சினை நிற்பது சாதா ஊசியைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் நல்ல இளங்கிடாரிகளுக்குப் போடலாம். உள்ளே தள்ளி இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் காளை தேவைதான். நாங்களும் நல்ல மாடுகளுக்கு ஊசி, ஊசியில் சினை பிடிக்காத மாடுகளுக்குக் காளை என்று இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

அடுத்த காளை தேடிக்கொண்டிருக்கிறேன். தாயின் மடியும், கன்று போட்ட தேதிகளும், கால் தடமும் பழையபடியே பார்ப்பேன். இந்த முறை தாய்க்குப் போட்ட ஊசியின் காளை எண்ணை எழுதி வைத்திருக்கும் வீடாக இருந்தால்தான் விலை பேச உட்காருவேன்.