ஓர் எழுத்து வித்தியாசம்: கோல்ஃப் 2.1ஜே செல் லைன்களைப் பயன்படுத்திய அனுபவம்

பார்க்கின்சன் நோயை மனித நியூரான்களில் ஆராய வரும் மாணவர்கள் எங்கள் ஆய்வகத்தில் முதலில் கேட்பது, "எந்த செல் லைனை வரவழைக்கலாம்?" என்பதுதான். (செல் லைன் என்பது ஒரே மூலத்திலிருந்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கக்கூடிய செல்கள்.) என் பதில்: அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் அனுப்பும் கோல்ஃப் 2.1ஜே ஸ்டெம் செல்களும் (வேறு வகை செல்களாக மாற்றக்கூடியவை), அவற்றில் பார்க்கின்சனோடு தொடர்புடைய ஆல்பா சைனுக்ளின் என்ற புரதத்தின் மரபணுவைத் திருத்தி ஏ53டி என்ற மாற்றத்தைப் புகுத்திய செல்களும். ஆனால் திருத்தியதை மட்டும் வாங்காதீர்கள். அது தனியாக வந்தால் பயனில்லை.

இந்த செல்கள் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஐஎன்டிஐ திட்டத்தில் உருவானவை. நரம்புச் சிதைவு நோய்களோடு தொடர்புடைய நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு மாற்றங்களை ஒரே மனிதரின் செல்லில் ஒவ்வொன்றாகப் புகுத்துவது அதன் நோக்கம். அந்த மனிதர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஐரோப்பிய ஆண். அவருடைய தோல் செல்களைப் பிரிட்டனில் ஸ்டெம் செல்களாக மாற்றினார்கள். அவற்றில் ஏஆர்ஐடி2 மரபணுவில் இருந்த ஒரு பழுதைப் பிறகு சரிசெய்து, 2022இல் உலகம் முழுவதற்குமான பொது அளவுகோலாக முன்வைத்தார்கள்.

ஏ53டி மாற்றத்துக்கு மூன்று வகை செல்கள் கிடைக்கின்றன: மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் கொண்டது, இரண்டு பிரதிகளிலும் கொண்டது, மாற்றிய பிறகு மறுபடியும் பழைய நிலைக்கே திருப்பியது. மாணவர்கள் செலவை மிச்சப்படுத்த நினைத்து விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். எனக்கோ அதுதான் உயிர்நாடி. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கத்தரியைச் செல்லுக்குள் அனுப்புவதும், ஒற்றைச் செல்லிலிருந்து மீண்டும் கூட்டம் வளர்ப்பதும் செல்லுக்குப் பெரிய அதிர்ச்சி. நியூரானில் தெரியும் கோளாறு மரபணு மாற்றத்தால் வந்ததா, இந்த அதிர்ச்சியால் வந்ததா என்பதைத் திருப்பிய செல் ஒன்றுதான் பிரித்துக் காட்டும். நோயாளி ஒருவரின் செல்லையும் ஆரோக்கியமான இன்னொருவரின் செல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட காலத்தில், அந்த இருவருக்கும் இடையே உள்ள லட்சக்கணக்கான மரபணு வேறுபாடுகள் எல்லாவற்றையும் குழப்பின. இங்கே வேறுபாடு டிஎன்ஏவில் ஓர் எழுத்து. 140 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 53ஆவது இடத்தில் அலனினுக்கு (ஏ) பதில் திரியோனின் (டி). இத்தாலியின் கோன்டூர்சி கிராமத்தில் வேர் கொண்ட, பார்க்கின்சன் நோய் பரம்பரையாக வந்த ஒரு குடும்பத்தில் 1997இல் அடையாளம் கண்டது இதே மாற்றத்தைத்தான்.

எலியில் பார்த்தால் போதாதா என்று மதிப்பீட்டுக் குழுக்களில் இன்றும் கேட்கிறார்கள். எலியின் ஆல்பா சைனுக்ளினில் 53ஆவது இடத்தில் இயல்பாகவே இருப்பது திரியோனின்தான்! கோன்டூர்சி குடும்பத்தை முடக்கிய அந்த எழுத்தோடு எலி நலமாக வாழ்ந்து முடிக்கிறது. மனித நியூரான் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

செல்களின் தரம் பற்றி. உறைந்து வரும் செல்கள், உருக்கிய மறுநாளே தட்டில் நன்றாக ஒட்டிப் பிடிக்கின்றன. கூட்டங்களின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. தானாகச் சிதறி வேறு செல்லாக மாறுவது குறைவு. இவற்றை டோபமின் நியூரான்களாக்க (பார்க்கின்சனில் அழிபவை இவைதான்), ஸ்டெம் செல் ஆய்வாளர் லோரன்ஸ் ஸ்டூடரின் குழு 2011இல் வெளியிட்ட, கருவின் நடுமூளை அடித்தட்டு வளரும் விதத்தைத் தட்டில் நிகழ்த்தும் முறையையே பின்பற்றுகிறோம். இதில் கவனம் முழுவதும் சிஎச்ஐஆர் என்ற வேதிப்பொருளின் அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் முன்மூளைச் செல்கள் வரும், கூடினால் பின்மூளைச் செல்கள் வரும். வேறு செல் லைனுக்குப் பொருந்திய அளவை அப்படியே இதற்கு எடுத்துவராதீர்கள். சிறிய தட்டில் படிப்படியாக அளவை மாற்றிப் பார்த்து, நடுமூளைச் செல்லுக்கு அடையாளமான ஃபாக்ஸ்ஏ2, எல்எம்எக்ஸ்1ஏ புரதங்கள் இரண்டும் ஒரே செல்லில் ஒளிர்வதை உறுதிசெய்த பிறகே பெரிய தட்டுக்குப் போங்கள். முதிர்ந்த நியூரானுக்கு இரண்டு மாதங்களாவது காத்திருக்க வேண்டும். அதற்குள் நியூரான்கள் விரிப்புபோலத் தட்டிலிருந்து உரிந்து வந்துவிடும் ஆபத்து உண்டு. செல்களைத் தட்டோடு ஒட்டவைக்கும் லாமினின் புரதப் பூச்சில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஊட்டக் கரைசலை மாற்றும்போது பாதியை மட்டும், சுவரோரமாக, மெதுவாக மாற்றுங்கள்.

எனக்கு இந்த வேலையில் உள்ள பற்று பூச்சிமருந்திலிருந்து வந்தது. ஏ53டி நியூரான்களையும் மரபணு சரிசெய்யப்பட்ட அவற்றின் இணையையும் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, பாராகுவாட் (களைக்கொல்லி), மானெப் (பூஞ்சைக்கொல்லி), ரொட்டனோன் (பூச்சிக்கொல்லி) ஆகியவை குறைந்த அளவிலேயே மாற்றம் கொண்ட நியூரான்களின் மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிப்பதைக் காட்டியது. பாராகுவாட் நம் வயல்களுக்குப் புதிதல்ல. முகமூடியின்றி முதுகில் தெளிப்பானைச் சுமந்த சித்தப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மரபணுவும் நஞ்சும் எங்கே கைகோக்கின்றன என்ற கேள்வியை மனித நியூரானிடமே நேராகக் கேட்க முடிவது எனக்குச் சாதாரண விஷயமில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தால் இந்த மதிப்புரைக்கு மதிப்பில்லை. மூளை வளர்ச்சிக் கோளாறுகளோடு தொடர்புடைய சில மரபணுப் பகுதிகள் கோல்ஃப் 2.1ஜேயில் ஒரு பிரதியில் விடுபட்டிருப்பதாக 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று வகைகளுக்கும் அது பொதுவானதால் ஒப்பீடு கெடாது. ஆனாலும் முடிவுகளை வேறொரு செல் லைனிலும் சரிபார்க்காமல் கட்டுரை எழுதக் கூடாது. இரண்டாவது, இந்த நியூரான்கள் கருவிலுள்ள குழந்தையின் நியூரான்களை ஒத்தவை. அறுபது வயதில் வரும் நோயை அவற்றில் தேடுகிறோம். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களில் காணும் லூயி திரள்கள் (ஆல்பா சைனுக்ளின் சேர்ந்த கட்டிகள்) தாமாக உருவாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது என்னை உறுத்துவது: எல்லாமே ஓர் ஐரோப்பியரின் மரபணுப் பின்னணி. பார்க்கின்சனோடு தொடர்புடைய இன்னொரு மரபணுவான எல்ஆர்ஆர்கே2இன் ஜி2019எஸ் மாற்றம் வட ஆப்பிரிக்க பெர்பர் மக்களிடம் மிகுதி, இந்திய நோயாளிகளிடம் மிக அரிது. நம் மக்களின் செல்களில் இப்படியொரு தொகுப்பு உருவாக வேண்டும்.

வரவழைப்பதில் சிரமம் செல்லால் அல்ல, வழியால். செல்கள் உலர் பனிக்கட்டியில் வருகின்றன. எங்களுக்கு வந்த ஒரு பொதியைச் சரக்கு நிறுவனம் விமான நிலையத்தில் பனிக்கட்டி நிரப்பாமல் வார இறுதி முழுவதும் வைத்திருந்தது. உருக்கியபோது பெரும்பாலானவை இறந்திருந்தன. ஆகவே பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழு ஒப்புதல், இறக்குமதித் தாள்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகே அனுப்பும் தேதி கேளுங்கள். பனிக்கட்டி நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தயார் நிலையில் உறையவைத்த டோபமின் நியூரான்களை விற்கும் நிறுவனங்களும் உள்ளன. சில வாரங்களில் மருந்துச் சோதனை முடிக்க வேண்டியவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் ஒவ்வொரு குப்பிக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டும். ஸ்டெம் செல்லை ஒருமுறை பெருக்கி, திரவ நைட்ரஜனில் சேமித்து, குரோமோசோம்களைச் சரிபார்த்துவிட்டால் ஒரு முனைவர் பட்டக் காலம் முழுவதும் ஓடும். குறிப்பாக 20ஆவது குரோமோசோமின் நீண்ட கையில் கூடுதல் பிரதி வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அது வந்த செல்கள் எளிதில் சாகாமல் மற்றவற்றை முந்திப் பெருகிவிடும்.

நிதி குறைவாக இருந்தால் இரண்டு பிரதிகளிலும் மாற்றம் கொண்ட வகையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், நோயாளிகளிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு பிரதி மாற்றம்தான். முதல் விண்ணப்பத்திலேயே திருத்தாத மூல செல், ஒரு பிரதி மாற்றம், திருப்பியது என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.